கோல்ஃப் கிளப்பில் சேரலாமா, அண்ணாச்சி?

கே: சென்னை கிளப்பில் சேர லட்சங்கள், அதுவும் காத்திருந்து. கோடைக்கானலில் அன்றைக்குக் காசு கட்டி ஆடலாமாம். ஆட்டம் ஒன்றுதானே? (பாளையங்கோட்டை)

ஆட்டம் ஒன்று, மண் வேறு. 18 குழி மைதானத்துக்குச் சாதாரணமாக 100 ஏக்கருக்கு மேல் வேண்டும். நகரத்துக்குள் இனி அது கிடைக்காது. இருப்பதில் ஆளைக் கூட்டினால் ஞாயிற்றுக்கிழமை யாரும் ஆட முடியாது. அதனால்தான் காத்திருப்புப் பட்டியலும் பெரிய நுழைவுக் கட்டணமும். மலையில் சீசனுக்கு வருபவர்கள் கட்டும் கிரீன் ஃபீயும் (அன்றைய ஆட்டத்துக்கான கட்டணம்) கிளப்புக்கு வருமானம்.

இடம் என்றால் ஊர் மட்டும் இல்லை, பட்டாவும்தான். கிண்டி ரேஸ் கோர்ஸ் குத்தகையை 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்தது. அதற்குள்தான் ஒரு கோல்ஃப் மைதானமும் இருந்தது. நிலம் சொந்தமா, குத்தகையா, எந்த வருஷம் வரை என்று கேட்காமல் செக் எழுதாதீர்கள்.

நெல்லையில் இருந்துகொண்டு சேர்ந்தால் என்ன ஆகும்? பேச்சுக்கு, நுழைவுக் கட்டணம் 5 லட்சம். 18% ஜிஎஸ்டியோடு 5.9 லட்சம். அதை வங்கியில் போட்டிருந்தால் வருஷத்துக்கு வரும் 7% வட்டி போனது 41,300 ரூபாய். வருஷச் சந்தா 20,000, வரியோடு 23,600. வருஷத்துக்கு நாலு தடவை ஆடினால் ஒரு தடவைக்கு 16,225 ரூபாய். கேடி (மட்டைப் பை தூக்கும் உதவியாள்) கூலி, போக்குவரத்து தனி. கிரீன் ஃபீ கட்டி ஆடுங்கள்.

கே: மகனுக்கு 14 கிளப் (பந்தடிக்கும் மட்டை) கொண்ட முழு செட் வாங்கினேன். அவன் இடது கைக்காரன், இது வலது கை செட்டாம். மாற்றித் தருவார்களா? (தென்காசி)

பில்லில் மாற்றித் தருவதாக இருந்தால் தருவார்கள். பெற்ற பிள்ளைக்கு எந்தக் கை என்று கடைக்காரரா பார்ப்பார்? (வலது கைக்காரன் கையுறையை இடது கையில் போடணும் என்று தெரியாமல் வலது கைக்கு வாங்கினவன்தான் நானும்.)

கே: ஓட்டலில் விருந்து வைத்து, மலையடிவாரத்தில் கோல்ஃப் ரிசார்ட் வருகிறது என்று ஆயுள் உறுப்பினர் கட்டணம் 2 லட்சம் வாங்கினார்கள். இப்போது வெறும் பொட்டல். போனும் எடுப்பதில்லை. (வண்ணார்பேட்டை)

உங்கள் மேல் தப்பில்லை, வெட்கப்படவும் வேண்டாம். ரசீது, விளம்பரத் தாள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் நகல் எடுங்கள். 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசுங்கள். பிறகு திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 2 வருஷக் கெடு உண்டு. தாண்டியிருந்தால் தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனி மனு வேண்டும். மனையும் சேர்த்து விற்றிருந்தால் ரெராவிலும் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) புகார் செய்யலாம்.

கே: கையெழுத்துப் போட்டுவிட்டேன். சந்தா வருஷா வருஷம் கூடுகிறது. படிவத்தில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. (அம்பாசமுத்திரம்)

இப்போதாவது பாருங்கள்.