நாலு கிளைக்கு நாலு காப்பி எதற்கு?

கேள்வி: எங்கள் அலுவலகத்து கிட் ரெப்போ (நிரல் கோப்புகளும் அவற்றின் மாற்றங்களும் சேரும் கிடங்கு) 9 ஜிபி. அதன் நான்கு கிளைகளில் (ஒரே நிரலின் தனித்தனி வடிவங்களில்) மாறி மாறி வேலை, அதனால் நான்கு காப்பி வைத்திருக்கிறேன். 256 ஜிபி லேப்டாப் திணறுகிறது. புது எஸ்எஸ்டி வாங்கித்தான் ஆகவேண்டுமா? (செங்காங் வாசகர்)

பதில்: சிம் லிம் ஸ்கொயர் கணினிக் கடைகளுக்குக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் ரெப்போவுக்குள் ஒளிந்திருக்கும் ‘.கிட்’ ஃபோல்டரின் அளவைப் பாருங்கள். பல வருட ரெப்போ என்றால் இடத்தைத் தின்பது பெரும்பாலும் அதுதான், ஏனென்றால் ஆதியிலிருந்து நடந்த அத்தனை மாற்றமும் அங்கேதான் கிடக்கிறது. அந்தச் சரித்திரத்தையே நீங்கள் நாலு தடவை சேர்த்து வைத்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு வேண்டியது ‘கிட் வொர்க்ட்ரீ’. 2015இல் 2.5 பதிப்போடு வந்தது, இன்னும் பலர் தொட்டுப் பார்க்கவில்லை. ‘கிட் வொர்க்ட்ரீ ஆட்’ என்று அடித்து, புது ஃபோல்டரின் பெயரையும் கிளையின் பெயரையும் கொடுத்தால் போதும். அந்தப் புது ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், ‘.கிட்’ அங்கே ஃபோல்டராக இருக்காது, தாய் ரெப்போ எங்கே என்று சொல்லும் ஒற்றை வரிக் கோப்பாக இருக்கும். சரித்திரம் ஒன்று, வேலை செய்யும் கோப்புகள் மட்டும் தனித்தனி. ஒரே கிளையை இரண்டு இடத்தில் திறக்க விடாது, அது நல்லதுதான்.

குளோன், அதாவது தனி முழுக் காப்பிதான் வேண்டும் என்றால் அதே டிஸ்க்கில் இருக்கும் ரெப்போவின் பாதையைக் கொடுத்து குளோன் செய்யுங்கள். ஹார்ட்லிங்க் (டிஸ்க்கில் உள்ள அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) போட்டுக்கொள்ளும், சரித்திரம் கூடுதல் இடம் பிடிக்காது. ஆனால் ‘ஷேர்ட்’ ஆப்ஷன் பக்கம் போகாதீர்கள்! அந்த வகைக் காப்பி தாய் ரெப்போவையே நம்பி இருக்கும். நான் ஒருநாள் இடம் பிடிக்கிறதே என்று தாயை அழித்துவிட்டு, மறுநாள் காலை காப்பியில் ஒரு கமிட்டும் (பதிந்து வைத்த மாற்றம்) திறக்காமல் முழித்தேன்.

சும்மா படித்துப் பார்க்க மட்டும் என்றால் சர்வரிலிருந்து குளோன் செய்யும்போது ‘டெப்த் 1’ போட்டுக் கடைசி நிலையை மட்டும் இறக்கலாம். ‘ஃபில்டர்’ ஆப்ஷனில் ‘பிளாப் நன்’ கொடுத்தால் பழைய கோப்புகளைத் தேவைப்படும்போதுதான் இறக்கும், சென்னை விமானத்தில் நெட் இல்லாமல் திறந்தால் கையை விரித்துவிடும்.

அப்புறம், நோட் மாட்யூல்ஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்கு இறக்கும் துணைத் தொகுப்புகள்) மாதிரி ஃபோல்டர்கள் ஒவ்வொரு வொர்க்ட்ரீயிலும் தனியாக வளரும், அதற்கு கிட் பொறுப்பில்லை. பழைய காப்பிகளை அழிக்கும் முன் புஷ் செய்யாத (சர்வருக்கு அனுப்பாத) கமிட், ஸ்டாஷ் (தற்காலிகமாக ஒதுக்கி வைத்த மாற்றம்) ஏதாவது தங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் பார்த்துவிடுங்கள்.