‘பழகிவிட்டது’ – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் சிறிய வெல்டிங் பட்டறை நடத்துகிறேன். உடம்பில் சூடு ஏறினால் ஹீட் ஷாக் புரோட்டீன்கள் உருவாகி செல்களைப் பழுதுபார்க்கும் என்று எங்கள் ஜிம் மாஸ்டர் சொன்னார். அதிலிருந்து சானா என்கிற வெப்ப அறையில் உட்காருகிறேன். சில நாள் உடற்பயிற்சியை விட்டுவிட்டு சானா மட்டும்தான். இது போதுமா? கூடவே வைட்டமின் சி மாத்திரை எடுக்கலாமா? இன்னொன்றும் தோன்றியது. எங்கள் பட்டறையில் தகரக் கூரைக்குக் கீழே நாள் முழுக்க வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தப் புரதங்கள் தானாகவே நிறைய இருக்கும் அல்லவா? மே மாதத்திலும் அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. பழகிவிட்டது.

வி., கோயம்புத்தூர்

அன்புள்ள வி.,

உங்கள் கடிதத்தின் கடைசி மூன்று வரிகளுக்காகத்தான் இந்தப் பதில். இந்தக் கோடை முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்த விஷயம் அது. முதலில் சானாவை முடித்துவிடுகிறேன்.

சானா கெடுதல் இல்லை. ஃபின்லாந்தில் 2,300க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், அடிக்கடி சானா எடுத்தவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. ஆனால் அது உடற்பயிற்சிக்கு மாற்று ஆகாது. உடற்பயிற்சி செய்தவரின் தசை எவ்வளவு சூடாகுமோ அதே அளவுக்கு, உடற்பயிற்சியே இல்லாமல் காலைச் சூடேற்றிப் பார்த்தார்கள். தசையில் இந்தப் புரதங்கள் குறிப்பிடும்படி கூடவில்லை. வேறு முறையில், நாள்கணக்கில், ஆழமாகச் சூடேற்றியபோது கூடியதும் உண்டு. ஓடும்போதும் பளு தூக்கும்போதும் தசைக்குள் சூடு மட்டுமா ஏறுகிறது? சேமித்து வைத்த சர்க்கரையான கிளைகோஜன் தீர்கிறது, அமிலத்தன்மை கூடுகிறது, நார்கள் இழுபட்டு நுண்ணிய அளவில் கிழிகின்றன. எல்லாம் சேர்ந்துதான் அந்தப் புரதங்களை எழுப்புகின்றன. மாத்திரை வேண்டாம், கொய்யாப்பழம் சாப்பிடுங்கள். அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை தசையின் இந்த எதிர்வினையையே மந்தமாக்குவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் புரதங்களின் கதை இத்தாலியில் ஒரு ஆய்வகத்தில் தொடங்கியது. ஃபெருச்சியோ ரிட்டோசா என்ற ஆய்வாளர் பழ ஈக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். யாரோ இன்குபேட்டரின் வெப்பத்தைக் கூட்டி வைத்துவிட்டார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால், குரோமோசோம்களில் அதுவரை இல்லாத இடங்களில் புடைப்புகள். அங்கிருக்கும் மரபணுக்கள் திடீரென விழித்து வேலை செய்கின்றன என்று அர்த்தம். பெரிய இதழ் ஒன்று, இதற்கு உயிரியல் முக்கியத்துவம் இல்லை என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. 1962இல் வேறு இதழில் வந்தது. அந்த மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்கள் 1974இல்தான் கண்ணில் பட்டன. அப்போதே ஒன்று தெளிவாகத் தெரிந்தது. சூடு பட்ட செல், தான் வழக்கமாகச் செய்யும் புரதங்களைப் பெருமளவு நிறுத்திவிட்டு இந்தச் சிலவற்றை மட்டும் அவசரமாகச் செய்கிறது.

ஏன் அந்த அவசரம்? புரதம் என்பது சரியாக மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். சூட்டில் அந்த மடிப்பு கலையும். கலைந்தவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். முட்டையின் வெள்ளைக்கரு வாணலியில் கட்டியாவது இதுதான். எச்எஸ்பி 70 போன்ற ஹீட் ஷாக் புரோட்டீன்கள் கலைந்த புரதத்தைப் பிடித்து, திரளவிடாமல் தடுத்து, மறுபடி மடிய உதவுகின்றன. அதற்கு ஆற்றல் செலவாகிறது.

இவற்றை எழுப்பும் விதத்தைக் கேளுங்கள். எச்எஸ்எஃப் 1 என்று ஒரு கட்டுப்பாட்டுப் புரதம். சாதாரண நேரத்தில் அதை எச்எஸ்பி 70, எச்எஸ்பி 90 ஆகியவையே பிடித்து அடக்கி வைத்திருக்கின்றன. சேதமடைந்த புரதங்கள் குவிந்ததும் அவை இதை விட்டுவிட்டு அங்கே ஓடுகின்றன. விடுபட்ட எச்எஸ்எஃப் 1 மும்மூன்றாகச் சேர்ந்து, உட்கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. புதுப் புரதங்கள் போதுமான அளவு வந்து, சேதம் சரியானதும், பழையபடி அதைப் பிடித்துக்கொள்கின்றன. எழுவதும் அடங்குவதும் சேர்ந்துதான் இந்த ஏற்பாடு. உடற்பயிற்சி முடிந்து பல மணி நேரம், ஓரிரு நாள்கூட, தசையில் இந்த வேலை நடக்கிறது. நீங்கள் தூங்கும்போது நடக்கிறது. அடங்குவதற்கு நேரமே கொடுக்காவிட்டால்?

என் தாய்மாமா பரோட்டா மாஸ்டர். மதுரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை. மதியம் மாவு பிசையத் தொடங்குவார். கல்லில் தீ மூட்டினால் நள்ளிரவில்தான் அணைப்பார்கள். பொசுங்கிப் பொசுங்கி அவர் வலது முன்னங்கையில் முடியே இருக்காது. பனியனைக் கழற்றிக் கொடியில் போட்டால் முதுகுப் பக்கம் உப்பு வரிவரியாகப் பூத்திருக்கும். சின்ன வயதில் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து அத்தையிடம் அடி வாங்கியிருக்கிறேன். மாமா லீவு கேட்டால் முதலாளி சொல்வாராம்: “உனக்கென்னப்பா, அனல் பழகின உடம்பு.”

ஒரு சித்திரைத் திருவிழா. கூட்டம் ஓயாத இரவுகள். மாமா தூங்கவே இல்லை. கல்லுக்கு முன்னால் நின்றபடியே, அங்கு இல்லாத யாரிடமோ பேச ஆரம்பித்தார். குடித்திருக்கிறான் என்று சொல்லிப் பின்கட்டில் படுக்க வைத்துவிட்டார்கள். பாத்திரம் கழுவுகிற பையன் ஒருவன்தான் தொட்டுப் பார்த்து, உடம்பு கொதிக்கிறது என்று தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றியிருக்கிறான். அந்தப் பையனால் மாமா பிழைத்தார். அதற்குப் பிறகு அவரால் வெயிலில் பஸ் ஸ்டாப்வரைகூட நடக்க முடிந்ததில்லை.

மாமாவின் செல்களில் இந்தப் புரதங்கள் எங்கள் எல்லோரையும்விட நிறைய இருந்திருக்கும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. நிறைய இருப்பது, செல் நிறையச் சேதத்தைச் சமாளித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். அதைப் போய் கவசம் என்று நினைத்துவிட்டீர்களே வி.! அந்த வரியை எழுதும்போது உங்கள் பட்டறையில் இருக்கும் ஒருவரின் முகமாவது நினைவுக்கு வந்ததா?

உடம்பு பழகும், உண்மைதான். ஓரிரு வாரத்தில் வியர்வை சீக்கிரம் வரும், ரத்தத்தின் திரவ அளவு கூடும், இதயத்துடிப்பு நிதானப்படும், செல்களுக்குள் இந்தப் புரதங்களும் கூடும். ஆனால் அதற்கு எல்லை உண்டு. சஹாராவில் வெள்ளி எறும்பு என்று ஒன்று உண்டு. மற்ற உயிர்கள் ஒதுங்கும் உச்சிவெயிலில் இரை தேட வருவது. புற்றை விட்டு வெளியே வருவதற்கு முன்பே இந்தப் புரதங்களைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. அதுகூட வெளியில் இருப்பது சில நிமிடம்தான். நடுநடுவே காய்ந்த தண்டில் ஏறி உடம்பைக் குளிரவைத்துக்கொள்ளும். உங்கள் பட்டறையில் ஷிஃப்ட் எத்தனை மணி நேரம்?

ஒன்றும் ஆவதில்லை என்கிறீர்கள். ஒன்றும் ஆகாதவர்தான் உங்கள் கண்ணில் படுகிறார். முடியாதவர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறார், நீங்கள் வேறு ஆள் எடுக்கிறீர்கள். மத்திய அமெரிக்க நாடுகளான எல் சல்வடோரிலும் நிகரகுவாவிலும் கரும்பு வெட்டுகிற இளைஞர்கள், சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாதவர்கள், சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள். வெளியே தெரியாமலேயே நடந்த சேதம் அது. தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்த இடங்களில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது.

இதைச் செய்யுங்கள். தகரத்துக்கு மேலே வெள்ளை அடியுங்கள், காற்று வெளியேற வழி வையுங்கள். கனமான வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மணிக்கொரு முறை நிழலில் உட்கார வையுங்கள், கேட்டால்தான் என்று வைக்காதீர்கள், கேட்க மாட்டார்கள். சூட்டு வேலைக்குப் புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் கொடுத்து, தினமும் அதே அளவு கூட்டிப் போகச் சொல்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியாஷ். ஊரிலிருந்து ரயிலில் இறங்கிய அன்றே யாரையும் முழு ஷிஃப்ட் நிறுத்தாதீர்கள்.

யாராவது பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் ஏதாவது சொன்னால், 108க்கு போன் போட்டுவிட்டு, வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். வியர்க்கிறதே, ஒன்றுமில்லை என்று விட்டுவிடாதீர்கள். குடித்திருக்கிறான் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.