கமடோர் 64-இல் வெப் சர்வர் ஓடுமா?

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் வாங்கிய கமடோர் 64-இல் வெப் சர்வர் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஓட்டலாம்.

1982-இல் வந்த கணினி. 64 கேபி நினைவகம், ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ் வேகம். ஆனால் உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபி வெறும் எழுத்துதானே: உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும், சர்வர் எடுத்துக் கொடுக்கும். சிரமமெல்லாம் அந்த எழுத்தைத் தவறாமல் கொண்டுசேர்க்கும் டிசிபி என்ற முறையில்தான். அனுப்பிய பாக்கெட் (தரவுத் துண்டு) வழியில் தொலைந்தால் திரும்ப அனுப்ப வேண்டும். அதற்காகச் சாதாரண சர்வர் ஒரு பிரதியை நினைவகத்தில் வைத்திருக்கும். ஆடம் டங்கல்ஸ் என்ற நிரலாளர் சிறு கணினிகளுக்காக எழுதிய யூஐபி என்ற டிசிபி மென்பொருள் பிரதியே வைப்பதில்லை. தேவைப்பட்டால் அந்தத் துண்டை மறுபடி உருவாக்கித் தரும்படி, பக்கத்தைக் கொடுத்த சர்வர் நிரலிடமே கேட்கும். கெட்டிக்கார யோசனை! அவருடைய கொன்டிக்கி இயங்குதளத்தில் இது இருக்கிறது. கணினியில் வலைக் கம்பியைச் செருக ஈதர்நெட் கார்ட்ரிட்ஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

எச்டிடிபியைக் குறியாக்கம் செய்து அனுப்பும் எச்டிடிபிஎஸ்ஸை மட்டும் கமடோரிடம் எதிர்பார்க்காதீர்கள். குறியாக்கத்துக்கு நிறையக் கணக்குப் போட வேண்டும்; பெருக்கல் கட்டளைகூட இல்லாத சிப் அதில் இருப்பது. முன்னால் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றில் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளைப் போட்டுவிட்டால் குறியாக்கத்தை அது பார்த்துக்கொள்ளும். (சுத்தவாதிகள் முறைப்பார்கள், பரவாயில்லை.)

அப்புறம், கூடவே வந்த பழைய பவர் சப்ளையைச் செருகாதீர்கள். அது பழுதானால் 5 வோல்ட் எகிறி நினைவகச் சிப்புகளைக் கொன்றுவிடும். புதிதாக ஒன்று, மலேசிய மின்சாரத்துக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்குங்கள்.