லோங்காங்கைப் பெரிசாக்கினால் வெள்ளம் நிற்குமா? தோட்டத்து டவுன் கேள்வி பதில்

மலேசியாவின் கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்து டவுன்களில் வெள்ளம், வெக்கை, நடைபாதை பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள். லோங்காங், அதாவது வடிகால் வேலையில் இருந்தவன் என்பதால் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

கேள்வி: அண்ணே, தோட்டமாக இருந்தவரை எங்கள் இடத்தில் வெள்ளமே இல்லை. தாமான் (குடியிருப்புப் பகுதி) கட்டியபிறகு ஒரு மணி நேர மழைக்கே வாசலில் தண்ணி. லோங்காங்கைப் பெரிசாக்கச் சொல்லி மனு கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள் தம்பி, ஆனால் அது மட்டும் போதாது. செம்பனைக்கு அடியில் விழுந்த மழையை மண் நிறையவே குடித்தது, மீதி தோட்டத்து வாய்க்காலில் மெதுவாகப் போனது, இப்போது கூரையும் சிமெண்டும் தாரும் சேர்ந்து அதே மழையை ஒரே நேரத்தில் லோங்காங்கில் கொட்டுகின்றன. 60 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1,200 லிட்டர். நூறு வீட்டுக்குக் கணக்குப் பாருங்கள்! லோங்காங்கை அகலப்படுத்தினால் அவ்வளவும் இன்னும் வேகமாகக் கீழே இருக்கும் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்குப் போகும். உங்கள் வெள்ளம் அவர்கள் வீட்டுக்கு மாறும்.

வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் மஸ்மா என்ற நகர மழைநீர்க் கையேடு 2000இல் வந்தது, 2012இல் திருத்தினார்கள். மழை விழுந்த இடத்திலேயே பிடித்துவைத்து மெல்ல விடு என்பதுதான் அதன் சாரம். அதனால் முதலில் உங்கள் தாமானின் தேக்கக் குளத்தைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் வெளியேறும் வாயில் புல்லும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருக்கும், அடியில் சேறு ஏறியிருக்கும். அதைத் தூர்வாரச் சொல்லி மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கேள்வி: குளம் வெட்ட எங்களிடம் நிலமே இல்லையே?

பதில்: திடல் இருக்கிறதா? அதை ஓரடி தாழ்த்தினாலே பெருமழையில் குளமாகும், மற்ற நாளில் பிள்ளைகள் பந்து விளையாடலாம். சிங்கப்பூர் பீஷானில் 2.7 கிலோமீட்டர் சிமெண்டுக் கால்வாயை உடைத்துப் புல்கரை ஆறாக்கினார்கள், 2012இல் பூங்காவாகத் திறந்தார்கள்.

கேள்வி: சிங்க் கூரை வீடு, மத்தியானம் உள்ளே இருக்க முடியவில்லை. ஏர்கோன் போட வசதியில்லை.

பதில்: கூரைக்கு வெள்ளை பெயிண்ட் அடியுங்கள், சீலிங் போடுங்கள், சூடான காற்று வெளியேற மேலே வழி விடுங்கள் அக்கா. மேற்குப் பக்கம் ஒரு புங்கை வையுங்கள், லோங்காங்கை ஒட்டி வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு வயதாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளினிக்குக்கு வெயிலில் நடக்கச் சிரமப்படுகிறார்.

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி, யாரும் கேட்பதில்லை. கடைவரிசைக்கு முன்னால் கூரையோடு நடைவழி விட வேண்டும் என்று 1822லேயே ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூர்த் திட்டத்தில் எழுதிவைத்தார். அதுதான் நம் அஞ்சடி. வெயிலுக்கும் மழைக்கும் அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கடைக்காரர் தரையை உயர்த்தி டைல்ஸ் போடுகிறார், அடுத்தவர் அரிசி மூட்டையை அடுக்குகிறார், பாட்டிமார் தார்ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள். மூட்டையை எடுத்து, படி இருக்கும் இடத்தில் சரிவு வைத்தால் போதும். புது ரோடு போடுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும்.

கேள்வி: நாம் சொன்னால் நகராண்மைக் கழகம் கேட்குமா?

பதில்: எப்போது சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி உள்ளூர்த் திட்டத்தின் வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் சொல்ல அவகாசம் தர வேண்டும். கட்டி முடித்தபிறகு சத்தம் போடுவதைவிட அப்போது கொடுக்கும் ஒரு கடிதத்துக்கு மதிப்பு அதிகம். மலாயில் எழுதுங்கள், லோட் நம்பர் போடுங்கள், மழை பெய்யும்போதே எடுத்த படத்தைத் தேதியோடு இணையுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு வராதீர்கள்.