மீன் இல்லாத தூண்டில் – கடிதம்

வணக்கம் அக்கா,

நான் சான் ஹோசேயில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவிலுள்ள காஸ்டிங் குளங்களுக்கு, அதாவது தூண்டில் வீசிப் பழகும் குளங்களுக்கு, ஒருநாள் கூட்டிப்போனார். ஃப்ளை ராட் (ஃப்ளை என்கிற, பூச்சி போலக் கட்டிய எடையற்ற இரையை வீசும் தூண்டில்கோல்) பற்றி நீங்கள் எழுதியிருந்ததை ஏற்கெனவே படித்திருந்ததால் ஆர்வமாகப் போனேன். அப்படியே ஒட்டிக்கொண்டேன்.

சமீபத்தில் ஒரு கூடுகையில் புல்தரையில் 5ஆம் எண் லைனில் (தூண்டில் கயிறு) தூர வீச்சுப் போட்டி வைத்தார்கள். துணிந்து பெயர் கொடுத்தேன். என்னுடைய அதிகபட்சம் 74 அடி. எனக்கு அடுத்து வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லியான மனிதர். ஒவ்வொரு வீச்சுக்கும் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அலட்டிக்கொள்ளாமல் 108 அடி போட்டுவிட்டு இறங்கிப்போனார். நான் தினமும் ஜிம்முக்குப் போகிறவன். எனக்கு மிஞ்சியது தோள்பட்டை வலிதான்.

கை பலத்தை இன்னும் கூட்டவேண்டுமா, அல்லது விலை அதிகமான ராட் வாங்கவேண்டுமா? இன்னொன்று. வீட்டில் இதைச் சொன்னபோது என் மைத்துனர் சிரித்தார். "ஆற்றில் மீன் முப்பது அடியில் கிடைக்கிறது, நீ புல்தரையில் நூறு அடிக்கு வீசி என்ன பிடிக்கப்போகிறாய்?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கிறது.

எம்.

அன்புள்ள எம்,

முதலில் அந்தத் தோளைக் கவனியுங்கள். வலி போகும்வரை ராடைத் தொடவேண்டாம். தூர வீச்சில் தோள் வலிக்கிறதென்றால், ராட் செய்யவேண்டிய வேலையைத் தோள் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்கிறது.

உங்கள் முதல் கேள்விக்கான பதிலை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். அந்தப் பெரியவர் ஒவ்வொரு தடவையும் பின்னால் திரும்பிப் பார்த்தார். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

கல்லையோ ஈட்டியையோ எறியும்போது எறிகிற பொருளுக்கு எடை உண்டு. ஃப்ளைக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. போட்டியில் அதுகூடக் கிடையாது, கொக்கி இல்லாத ஒரு சின்ன நூல்குஞ்சம்தான். எடையெல்லாம் லைனில் இருக்கிறது. 5ஆம் எண் லைன் என்றால் அதன் முதல் 30 அடி 140 கிரெயின், அதாவது ஏறக்குறைய ஒன்பது கிராம். ஒன்பது கிராமைத் தூக்கி எறிய ஜிம் உடம்பு எதற்கு?

அந்த லைனும் கல் மாதிரி ஒரே துண்டாகப் பறப்பதில்லை. ராடின் நுனி நின்றதும் லைன் மடிந்து லூப் ஆகிறது. லூப்பின் கீழ்ப்பகுதி கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது, மேல்பகுதி மட்டும் ஓடுகிறது. ஓடுகிற பகுதி நீளம் குறையக் குறைய, மிச்சமிருக்கும் வேகம் அந்தச் சின்ன நீளத்துக்குள் சேர்ந்துகொண்டே போகிறது. சாட்டை சொடுக்குகிற அதே கணக்குதான். லூப் ஒடுங்கியிருந்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். அகலமாக இருந்தால் எவ்வளவு பலத்தைப் போட்டாலும் காற்று தின்றுவிடும்.

இப்போது பின்வீச்சுக்கு வருவோம். முன்னால் வீசுவதற்கு முன் லைனை முதுகுக்குப் பின்னால் எறிகிறோமே, அதுதான் பின்வீச்சு. முன்வீச்சைக் கண்ணால் பார்க்கிறோம், அதனால் அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறோம். பின்வீச்சு முதுகுக்குப் பின்னால் நடப்பது. அங்கே லைன் முழுக்க நீளாமல் தொய்ந்து கிடந்தால், முன்னால் இழுக்கத் தொடங்கும்போது கையின் முதல் பாதி அசைவு அந்தத் தொய்வை எடுப்பதிலேயே போய்விடும். ராட் வளைவதற்கு மிச்சமிருப்பது பாதி தூரம்தான். அந்தப் பாதிக்குள் எல்லாவற்றையும் செய்துவிட வேண்டுமென்று ஆள் வெடுக்கென்று இழுக்கிறார். ராட் நுனி சட்டென்று தாழ்கிறது, லைன் தன்னையே குறுக்கே வெட்டுகிறது, முடிச்சு விழுகிறது. பார்ப்பவர்கள் இன்னும் பலமாக வீசு என்கிறார்கள். அவர் வீசுகிறார், நிலைமை இன்னும் மோசமாகிறது. உங்கள் 74 அடிக்கும் தோள்வலிக்கும் பின்னால் அநேகமாக இதுதான் இருக்கும். பார்க்காமல் சொல்கிறேன். ஆனால் குளக்கரையில் இதே காட்சியை வாராவாரம் பார்க்கிறேன், பெரும்பாலும் நல்ல தோள்பட்டை உள்ள ஆண்களிடம்.

இன்னொரு கோளாறும் பின்னால்தான் ஒளிந்திருக்கும். பின்வீச்சு நேர் பின்னால் போகாமல் உடம்பைச் சுற்றி இடது பக்கம் வளைந்து போகும். முன்னால் நேராக வீசினாலும், அந்தக் கோணலை நிமிர்த்துவதிலேயே பாதி சக்தி செலவாகிவிடும். முப்பது அடியில் இது தெரியவே தெரியாது. ஐம்பதிலும் சமாளித்துவிடலாம். எண்பது அடி லைனை ஆகாயத்தில் வைத்திருக்கும்போது எல்லாக் கோளாறும் வெளியே வந்து நிற்கும். தூரப் போட்டியை நான் மதிப்பது இதற்காகத்தான். சின்ன வீச்சு நம்மிடம் இனிக்க இனிக்கப் பொய் சொல்லும், நாமும் நம்பிவிடுவோம்.

பலம்தான் எல்லாம் என்று இன்னும் தோன்றினால் ஜோன் வுல்ஃபைப் பற்றிப் படியுங்கள். 1926இல் பிறந்தவர், நியூ ஜெர்சியின் பேட்டர்சன் ஊர்க்காரர். நடனம் கற்றுக்கொடுத்தவர். 1943 முதல் 1960 வரை வீச்சுப் போட்டிகளில் 17 தேசியப் பட்டங்கள் வாங்கினார். 1951இல் தேசிய அளவிலான ஒரு தூரப் போட்டியில் எதிரே நின்றவர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்தான் ஜெயித்தார். 1960இல் 161 அடி வீசினார். பிறகு நியூயார்க்கின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் கணவர் லீ வுல்ஃபோடு சேர்ந்து பள்ளி தொடங்கி, வீச்சின் ஒவ்வொரு கட்டத்தையும் பிரித்துப் பெயர் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அதற்கு முன்பு பெரும்பாலான ஆசிரியர்களின் பாடம் "நான் செய்வதைப் பார்" என்பதோடு முடிந்துவிடும்.

ராட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாங்காதீர்கள். உங்களுக்கும் அந்தப் பெரியவருக்கும் இடையிலுள்ள 34 அடியில் ராடுக்குச் சேரவேண்டியது இரண்டு மூன்று அடி இருந்தால் அதிகம். எல்லோருக்கும் ஒரே ராடையும் ஒரே லைனையும் கொடுத்து நடத்தும் போட்டிகளும் உண்டு, அங்கேயும் வித்தியாசம் இப்படியேதான் இருக்கும். பணம் கையை அரித்தால் நல்ல நீள லைன் ஒன்று வாங்குங்கள். சாதாரண லைன் 90 அடியில் முடிந்துவிடும். தூரப் போட்டிக்கென்றே 120 அடி லைன்கள் விற்கிறார்கள், தடித்த நடுப்பகுதி நீளமாக இருக்கும்.

சரி, மைத்துனருக்கு வருவோம். அவர் சொல்வது உண்மைதான், ஓடையில் டிரவுட் மீன் பெரும்பாலும் முப்பது நாற்பது அடிக்குள்தான் கிடைக்கும். ஆனால் அவர் மீன் பிடிக்கிறவராக இருந்தால், அவருடைய தூண்டில் பெட்டியைத் திறந்துபார்க்கச் சொல்லுங்கள். அதில் இருப்பதிலும் அவர் வீசும் விதத்திலும் போட்டிக்காரர்களின் கைவேலை நிறைய இருக்கும்.

வீசும்போது இடது கையால் லைனைச் சுண்டி இழுத்து, பின்வீச்சுக்கு ஒன்றும் முன்வீச்சுக்கு ஒன்றுமாக வேகம் கூட்டுவதை டபுள் ஹால் என்கிறோம். இன்று கடலில் ஃப்ளை வீசுகிற எவருக்கும் அது இல்லாமல் முடியாது. அதை ஊரறியச் செய்தவர் ஓரிகன் மாநிலம் போர்ட்லாண்டைச் சேர்ந்த மார்வின் ஹெட்ஜ். எங்கே செய்தார்? 1934இல் செயின்ட் லூயிஸில் நடந்த தேசிய வீச்சுப் போட்டியில். முன்னால் முப்பது அடி கனமான லைன், அதன் பின்னால் வழுக்கிக்கொண்டு ஓடும் மெல்லிய நரம்பு என்று அமைந்த ஷூட்டிங் ஹெட்டும் நீங்கள் நிற்கிற அதே சான் பிரான்சிஸ்கோ போட்டிக்காரர்களின் கைவண்ணம். 1940களில் ஜிம்மி கிரீன் போன்றவர்கள் போட்டிக்காக வளர்த்தெடுத்தது, அப்படியே வட கலிபோர்னியாவில் ஸ்டீல்ஹெட் மீன் பிடிக்கும் ஆறுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

லைன் டப்பாவில் '5' என்று போட்டிருக்கிறதே, அந்த எண்ணுக்கும் போட்டிக்காரர்கள்தான் காரணம். பட்டு லைன் காலத்தில் தடிமனை வைத்து எழுத்துகளால் குறிப்பார்கள். நைலானும் பிளாஸ்டிக் பூச்சும் வந்தபிறகு ஒரே தடிமனுள்ள இரண்டு லைன்கள் வெவ்வேறு எடையில் இருந்தன, எந்த ராடுக்கு எந்த லைன் என்பதே குழப்பமாகிவிட்டது. முதல் 30 அடியின் எடையை வைத்து எண் கொடுப்போம் என்று விடாமல் வாதாடியவர்களில் முக்கியமானவர் மைரன் கிரெகரி. அவரும் ஓக்லாந்துப் பக்கத்துப் போட்டிக்காரர்தான்.

இதையெல்லாம் சொன்னாலும் மைத்துனர் சிரித்தால் சிரிக்கட்டும். மீனுக்குப் பயன்பட்டால்தான் மதிப்பு என்ற கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. ஈட்டி எறிகிறவரைப் பார்த்து எந்த மிருகத்தைக் கொல்லப்போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. 1880களிலேயே நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் ஹார்லெம் மீர் ஏரிக்கரையில் இந்தப் போட்டி நடந்திருக்கிறது. இன்று இதற்கு உலகக் கூட்டமைப்பு இருக்கிறது, உலகப் பட்டமும் இருக்கிறது. அங்கே 38 கிராம் எடையுள்ள முன்பகுதி கொண்ட லைனை ஒற்றைக் கையால் வீசும் பிரிவில் 200 அடியைத் தாண்டுகிறார்கள். அந்தப் பிரிவின் பெரிய பெயர் ஸ்டீவ் ரேஜெஃப், சிறுவனாக வீசக் கற்றுக்கொண்டது உங்கள் குளக்கரையில்தான். 2016இல் எஸ்டோனியாவில் 12 வயதில் உலகப் பட்டம் வாங்கிய மேக்சின் மெக்கார்மிக்கும் அதே கரை. அவருடையது குறி வீச்சு, தூரம் அல்ல. ஆனாலும் ஜிம் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்தான் நினைவுக்கு வருவார். 1938இல் வேலையில்லாத் திண்டாட்ட நிவாரணத் திட்டத்தில் கட்டிய அந்த மூன்று குளங்களில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் போய் வீசலாம். எதிரே காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருக்கும். இப்படியொரு இடம் பக்கத்தில் இருக்கும்போது புல்தரையை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

இரண்டு மாதத்தில் என்ன செய்யலாம்?

தூரத்தை அளக்காதீர்கள். டேப்பைக் கண்ணில் காட்டவே வேண்டாம். வலதுகைக்காரர் என்றால் வலது காலைப் பின்னால் வைத்து உடம்பைச் சற்றுத் திறந்து நில்லுங்கள், அப்போதுதான் கழுத்து சுளுக்காமல் பின்வீச்சைப் பார்க்கமுடியும். லைனைக் கீழே விழவிடாமல் முன்னும் பின்னுமாக ஆகாயத்திலேயே வைத்திருங்கள். இரண்டு பக்கமும் லூப் ஒடுங்கலாக, லைன் முழுக்க நீண்டு வருகிறதா பாருங்கள். வந்தால் இன்னும் ஓர் அடி விடுங்கள். கலைந்தால் இரண்டு அடி உள்ளே இழுங்கள். கடைசியாக வீசும்போது பெரும்பாலானவர்களுக்கு முப்பது நாற்பது அடி கூடுதலாகப் பாயும். ஆக, ஆகாயத்தில் எவ்வளவு நீளத்தை ஒழுங்காகத் தாங்குகிறீர்களோ அதுதான் உங்கள் தூரத்தைத் தீர்மானிக்கிறது. அறுபதைத் தாங்கினால் நூறை நெருங்கலாம். எண்பதைத் தாங்குகிறவர்கள்தான் பரிசு வாங்குகிறார்கள்.

நீளம் கூடக்கூட கை போகும் தூரமும் கூடவேண்டும். வெளியே லைன் அதிகமானால் எடை அதிகம், ராட் அதிகம் வளையும், அந்த வளைவுக்கு இடம் கொடுக்க அசைவு நீளமாக வேண்டும். முப்பது அடிக்குக் கற்றுக்கொண்ட குட்டி அசைவையே எழுபது அடிக்கும் வைத்துக்கொண்டு, வேகத்தால் ஈடுகட்டப் பார்க்கிறவர்கள்தான் தோளைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மெதுவாகத் தொடங்கி, நீளமாக இழுத்து, கடைசியில் வேகம் கூட்டி, சட்டென்று நிறுத்துங்கள். இடது கை இழுப்பும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் உச்சத்துக்கு வரவேண்டும். முன்னாலேயே இழுத்துத் தீர்த்துவிட்டால் பிரயோஜனமில்லை.

காற்றைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முதுகுப்பக்கமிருந்து காற்று அடித்தால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பின்வீச்சு அந்தக் காற்றை எதிர்த்துத்தான் போகவேண்டும். அதனால் பின்னால் தாழ்வாக, ஒடுங்கலாக, இழுப்பைக் கூட்டிப் போடுங்கள். முன்வீச்சைச் சற்று உயரமாக அனுப்பினால் போதும், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். பின்வீச்சு ஒழுங்காக இல்லாதவருக்கு முதுகுக்காற்று வந்து ஒரு லாபமும் இல்லை.

போட்டி நாளில் எதை அளப்பார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நூல்குஞ்சம் விழுந்த இடத்தைத்தான் அளப்பார்கள். லைன் நுனி 95 அடிக்குப் போயும், அந்த நுனிக்கும் குஞ்சத்துக்கும் நடுவே கட்டிய மெல்லிய நரம்பு விரியாமல் குவிந்து பின்னால் விழுந்தால் கணக்கில் 86தான். நேரக்கெடுவும் இருக்கும். எடுத்த எடுப்பில் முழு பலத்தையும் போடாமல், முதல் வீச்சை எண்பது சதவீதத்தில் போட்டு ஓர் எண்ணைப் பதிவு செய்துவிடுங்கள். அப்புறம் காற்று தூக்கும் சமயம் பார்த்து மிச்சத்தை வீசலாம்.

முந்தின நாள் லைனைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, இழுத்து நீவிச் சுருள் எடுத்துவிடுங்கள். காலடியில் தார்ப்பாய் விரிக்க அனுமதித்தால் விரியுங்கள், புல் லைனைப் பிடித்துக்கொள்ளும். லேஸ் கட்டாத செருப்பாகப் போட்டுக்கொண்டு போங்கள். நல்ல வீச்சுகள் பல ஷூ லேஸில் மாட்டித்தான் செத்திருக்கின்றன.

அன்புடன்
அக்கா