1,000 சொல் கட்டுரையில் ஒரு கீவேர்டை எத்தனை முறை எழுதினால் கூகுளில் மேலே வரும்?

கீவேர்ட், அதாவது மக்கள் கூகுளில் தட்டித் தேடும் சொல் அல்லது சொற்றொடர், எத்தனை முறை வர வேண்டும் என்று ஒரு கணக்கே கிடையாது. 1,000 சொல்லுக்கு 25 முறையாவது வர வேண்டும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதே இரண்டரை சதவீதக் கணக்கை எனக்கும் கன்டென்ட் வேலையில் சேர்ந்த முதல் மாதமே சொல்லிக் கொடுத்தார்கள், நானும் இரண்டு வருடம் எண்ணி எண்ணித்தான் எழுதினேன். கூகுளில் ஸ்பேம் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த மேட் கட்ஸ் இதற்குப் பல வருடம் முன்பே வீடியோவில் பதில் சொல்லியிருக்கிறார்: ஒரு சொல் முதல் ஒன்றிரண்டு தடவை வரும்போது பக்கம் எதைப் பற்றியது என்று தெரிய உதவும், அப்புறம் கூடக் கூட பலன் குறையும், ஒரு கட்டத்துக்கு மேல் அதுவே கெடுதலாகிவிடும்.

நான் எழுதிய ஒரு கட்டுரையையே காட்டுகிறேன். கிளையன்ட் கொடுத்த கீவேர்ட் ‘குழந்தை காய்ச்சல் வீட்டு வைத்தியம்’. முதல் பத்தி இப்படிப் போனது: “குழந்தை காய்ச்சல் வீட்டு வைத்தியம் தேடுகிறீர்களா? குழந்தை காய்ச்சல் வீட்டு வைத்தியம் பற்றிப் பல பெற்றோர்கள் கேட்கிறார்கள். சிறந்த குழந்தை காய்ச்சல் வீட்டு வைத்தியம் எது என்று இங்கே பார்ப்போம்.” மூன்று வாக்கியம், ஒரு தகவல்கூட இல்லை. 3 மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காட்டினாலே வீட்டு வைத்தியம் எதையும் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்பதை நான் ஆறாவது பத்தியில் வைத்திருந்தேன், காரணம் அந்த வாக்கியத்துக்குள் கீவேர்ட் உட்காரவில்லை. இதைத் தேடுகிறவர் நடுராத்திரியில் ஒரு கையில் குழந்தையையும் இன்னொரு கையில் போனையும் வைத்திருக்கும் ஒருவர். அவருக்கு வேண்டிய முதல் வரியை எண்ணிக்கைக்காகக் கீழே தள்ளியது தப்பு, அதை இப்போது நினைத்தாலும் மனசு உறுத்துகிறது. கீவேர்டைப் பொறுப்போடு பயன்படுத்துவது என்று நான் சொல்வது முதலில் இதைத்தான்.

இரண்டாவது, தமிழில் எழுதுகிறவர்களுக்கு இருக்கும் ஒரு சிக்கல். தேடுகிறவர் வேற்றுமை உருபெல்லாம் போட மாட்டார், நான்கு சொல்லை மொட்டையாகத் தட்டிவிட்டுப் போவார், அது அவர் சௌகரியம். அந்த மொட்டைச் சொற்றொடரை அப்படியே வாக்கியத்துக்குள் திணித்தால் தமிழ் தமிழாக இருக்காது. ‘குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் என்ன செய்யலாம்’ என்று ஒழுங்காக எழுதினால் கூகுளுக்குப் புரியாதோ என்ற பயம்தான் எல்லாருக்கும். 2019 அக்டோபரில், தேடும் சொற்களைத் தனித்தனியாக இல்லாமல் சேர்த்துப் புரிந்துகொள்ள பெர்ட் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோது கூகுள் காட்டிய உதாரணமே இதற்குப் பதில். பிரேசிலிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிறவருக்கு விசா வேண்டுமா என்று ஆங்கிலத்தில் ஒரு தேடல். அதில் யார் எங்கே போகிறார் என்பதைச் சொல்வது ‘to’ என்ற குட்டிச் சொல்தான், தமிழில் ‘க்கு’ செய்கிற வேலை. முன்பெல்லாம் அதைக் கவனிக்காமல் அமெரிக்கர்கள் பிரேசிலுக்குப் போவதைப் பற்றிய பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது, பெர்ட் வந்த பிறகு சரியாகப் பிடித்தது. அந்த டிசம்பரிலேயே 70க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அதை விரிவாக்கினார்கள். ஆகவே உருபுகளை வெட்டாதீர்கள். காய்ச்சல், ஜுரம் இரண்டையும் மக்கள் தேடுகிறார்கள் என்றால் ஒரே கட்டுரையில் இரண்டு சொல்லும் இயல்பாக வரட்டும், ஜுரத்துக்கு ஒன்று காய்ச்சலுக்கு ஒன்று என்று இரண்டு பக்கம் போட்டால் அவை ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்.

சரி, எங்கேதான் வைப்பது என்று கேட்பீர்கள். டைட்டிலில் ஒரு முறை, முதல் பத்தியில் ஒரு முறை, பொருந்தினால் ஒரு துணைத்தலைப்பில், பக்கத்தின் முகவரியில். மற்ற இடத்தில் விஷயத்தைச் சொல்லும்போது தானாக வருவது போதும். பக்கத்தின் கோடில், வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் கீவேர்டுகளைப் பட்டியல் போடும் மெட்டா கீவேர்ட் டேகை விட்டுவிடுங்கள், தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகக் கீவேர்டை ஒளித்து வைப்பது, பக்கத்தின் அடியில் ஊர்ப் பெயர்களை வரிசையாக அடுக்குவது இதெல்லாம் கூகுளின் ஸ்பேம் விதிகளில் பெயர் சொல்லியே தடுக்கப்பட்டவை. கண்டுபிடித்தால் பக்கம் கீழே போகும், சில சமயம் தேடலிலிருந்தே காணாமல் போகும்.

படத்தில் என்ன இருக்கிறது என்று பின்னால் எழுதி வைக்கும் ஆல்ட் டெக்ஸ்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்து கீவேர்டைக் கொட்டுகிறார்கள். பார்வையற்ற ஒருவருக்கு ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் வாசித்துக் காட்டுகிறது. அம்மா தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் படம் என்றால் அதையே எழுதுங்கள். ஒரே பக்கத்தில் ஐந்து படத்துக்கும் ‘குழந்தை காய்ச்சல் வீட்டு வைத்தியம்’ என்று கேட்க வேண்டியிருந்தால் அந்த மனிதர் என்ன செய்வார்?

எண்ண வேண்டும் என்று ஆசைப்பட்டால், தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியைத் திறந்து, உங்கள் பக்கம் எந்தெந்தத் தேடலுக்குக் காட்டப்படுகிறது, அதில் எத்தனை பேர் கிளிக் செய்கிறார்கள் என்று பாருங்கள். 16 மாதம் வரையிலான தகவல் இருக்கும். நிறையக் காட்டப்பட்டும் கிளிக் வராத ஒரு கேள்வி இருந்தால், அதற்குப் பக்கத்தில் உண்மையிலேயே பதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் பதிலை எழுதிச் சேர்த்துவிடுங்கள். உங்களுக்குத் தெரியாத விஷயமாக இருந்தால் அந்தக் கீவேர்டை விட்டுவிடுங்கள், சொல்லை மட்டும் தூவி ஆளை உள்ளே இழுக்காதீர்கள், வந்தவர் பத்து நொடியில் திரும்பிப் போய்விடுவார்.

ஏற்கனவே 25 முறை எழுதிப் போட்ட கட்டுரையை அழிக்க வேண்டியதில்லை. முதல் பத்தியை எடுத்துவிட்டு, கேள்விக்கு நேரான பதிலை அந்த இடத்தில் வையுங்கள், கீழே திணித்த வாக்கியங்களைத் தமிழாக்குங்கள், முகவரியை மட்டும் மாற்ற வேண்டாம். பிறகு சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்தை மறுபடி இன்டெக்ஸ் செய்யச் சொல்லி, அதாவது புதிதாகப் படித்துத் தன் தேடல் பட்டியலில் சேர்க்கச் சொல்லி, கூகுளைக் கேட்கலாம். சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம், அதுவரை மறுபடி மறுபடி கையை வைக்காமல் இருங்கள்.