ஸ்டேஷன் பேரும் மணியும் போட்டுக் கூப்பிட்டால் கிளம்பிவிடுங்கள்

தம்பி, உங்கள் கேள்வி இதுதான். சியோலுக்கு முதுகலை படிக்க வந்து ஒரு செமஸ்டர் ஆகிறது. போன சனிக்கிழமை காலையில் லேப் நண்பர்கள் காக்காவோ செய்தி ஆப் குழுவில் "இன்னைக்குச் சுன்ச்சோன் போறோம், பதினோரு மணிக்கு சங்போங் ஸ்டேஷன்ல இரு" என்று போட்டார்கள் (சுன்ச்சோன் சியோலுக்கு வெளியே உள்ள ஏரிக்கரை ஊர், சங்போங் அங்கே போக ரயில் ஏறுகிற சியோல் ஸ்டேஷன்). முந்தின நாள்கூடச் சொல்லாமல் திடீரென்று கேட்கிறார்களே, ஒப்புக்குத்தான் கூப்பிடுகிறார்களோ என்று நினைத்து, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டீர்கள். மாடு, பன்றி சாப்பிட மாட்டீர்கள், குடிக்க மாட்டீர்கள், உதவித்தொகையில் மாதத்தை ஓட்டுகிறீர்கள். இப்படிப்பட்ட ஆள் கூடப் போனால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்காதா, எவ்வளவு செலவாகும், எப்படித் திரும்பி வருவது என்று கேட்டிருந்தீர்கள்.

போங்கள். இந்த ஊரில் ஒப்புக்குக் கூப்பிடுவது வேறு மாதிரி இருக்கும். லிஃப்ட் பக்கத்தில் பார்த்தால் "ஒருநாள் சேர்ந்து சாப்பிடலாம்" என்பார்கள். அதில் நாளும் இருக்காது, இடமும் இருக்காது. நீங்களும் "சாப்பிடலாம், சாப்பிடலாம்" என்று சிரித்துவிட்டு நகரலாம், யாரும் அதைக் கணக்கில் வைக்க மாட்டார்கள். புதிதாக வந்த நம்மவர்கள் பலர் அந்த வார்த்தையை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். கிளம்புகிற ஸ்டேஷனும் மணியும் போட்டு வந்த செய்தியைப் பார்த்துத்தான் சந்தேகப்படுவார்கள். உண்மையில் பின்னதுதான் நிஜமான அழைப்பு. உங்களையும் சேர்த்து எண்ணிவிட்டுத்தான் அதைப் போடுகிறார்கள்.

ஏன் இப்படிக் கடைசி நேரத்தில்? கொரியர்கள் எதையும் திட்டம் போட்டுச் செய்கிறவர்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆபீஸ் வேலையில் அது சரி. லேபில் இருக்கிறவனுக்கோ சனிக்கிழமை அவன் கையில் இல்லை. பேராசிரியர் வெளியூர் போகிறார் என்பதே வெள்ளிக்கிழமை இரவுதான் தெரியவரும் (அந்தச் செய்தி பரவும் வேகத்தைப் பார்த்திருப்பீர்கள்). இன்னொரு காரணம் வானம். வசந்தத்தில் நுண்தூசி, ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை சாங்மா என்கிற பருவமழை, அப்புறம் சட்டையை நனைக்கிற ஆகஸ்ட். வெளியே போகத் தோதான நாட்கள் குறைவு. காலையில் எழுந்ததும் போனில் தூசி அளவைப் பார்ப்பார்கள். 'நல்லது' என்று நீல நிறத்தில் காட்டினால் யாராவது ஒருவர் குழுவில் எழுதிவிடுவார். அவ்வளவுதான் திட்டம்.

காக்காவோவில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். செய்திக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு எண் நிற்கும், இன்னும் எத்தனை பேர் படிக்கவில்லை என்பதற்கு. நீங்கள் திறந்ததும் அது ஒன்று குறையும். ஆகவே படித்துவிட்டு யோசித்துக்கொண்டே இருந்தால் அது அவர்களுக்குத் தெரியும். வருவதாக இருந்தால் 'வர்றேன்' என்று உடனே போடுங்கள். வரவில்லை என்றால் அதையும் உடனே போடுங்கள். காரணமெல்லாம் வேண்டாம். இரண்டு மூன்று தடவை தொடர்ந்து மறுத்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இவருக்கு இதெல்லாம் பிடிக்காது போல என்று மரியாதையாகக் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதுதான் கவலை.

திடீரென்று கிளம்புவதற்கு இங்கே வசதியும் இருக்கிறது. சுன்ச்சோனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் தண்டவாளமாக இருந்த பழைய பாதையை 2010 டிசம்பரில் மின்சார இரட்டைப் பாதையாக்கி மெட்ரோ வண்டிகளை விட்டுவிட்டார்கள். சங்போங்கிலிருந்து ஏறக்குறைய 80 நிமிடம், முன்பதிவு கிடையாது, டி-மனி பயணக் கார்டைத் தட்டிவிட்டு ஏறலாம். போக வர எட்டாயிரம் வொன்னுக்குள் முடிந்துவிடும். யோங்சானிலிருந்தும் சோங்ன்யாங்னியிலிருந்தும் ஐடிஎக்ஸ் என்கிற முன்பதிவு எக்ஸ்பிரஸ் வண்டி இருக்கிறது. நடுவில் இரண்டு பெட்டிகள் மாடி வைத்தவை, பார்க்க அழகாக இருக்கும். சனிக்கிழமை காலையில் அதில் இடம் தேடாதீர்கள். ஒரு எச்சரிக்கை: சியோலுக்கான மாதாந்திரப் பயண பாஸான காலநிலை அட்டை வைத்திருந்தால் அது சுன்ச்சோன் வரை செல்லாது. டி-மனியில் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் மெஷினுக்கு ரொக்கம் தேவைப்படலாம், ஒரு பத்தாயிரம் வொன் நோட்டு பர்ஸில் கிடக்கட்டும். வழிக்கு நேவர் மேப் போட்டுக்கொள்ளுங்கள், இங்கே நடந்துபோகிற வழிக்குக் கூகுளை நம்ப முடியாது.

நான் கடைசியாக இப்படிக் கிளம்பியது போன அக்டோபரில். முந்தின நாள் மழை வானத்தைக் கழுவி வைத்திருந்தது. பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர், அவருடைய மனைவி, ஒரு உஸ்பெக் பொறியாளர், நான். சங்போங்கில் ஏறியதும் இடம் கிடைக்கவில்லை. அந்த வண்டி சனிக்கிழமைகளில் பெரியவர்களுடையது. 65 வயது ஆனவர்களுக்கு மெட்ரோ இலவசம், சுன்ச்சோன் வரைக்கும் இலவசம். அதனால் காலையில் ஏறி, அங்கே போய் ஒரு கிண்ணம் மக்குக்சு நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்புகிற தாத்தா பாட்டிகள் நிறைய. மலையேறுகிற கூட்டம் வேறு, பளபளவென்ற ஜாக்கெட்டும் மடக்கிய கைத்தடியுமாக. எங்களுக்குப் பக்கத்தில் நின்ற அம்மா பையைத் திறந்து தோல் சீவிய வெள்ளரிக்காயை நீளவாக்கில் நறுக்கி வைத்திருந்த டப்பாவை எடுத்து முதலில் உஸ்பெக் நண்பரிடம் நீட்டினார். அவர் தயங்கியதும் "சாப்பிடுப்பா, தண்ணி தாகம் அடங்கும்" என்று கையில் திணித்தார். அப்படி யாராவது தந்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியின் ஓரத்து இருக்கைகள் பெரியவர்களுக்கு, இளஞ்சிவப்பு இருக்கை கர்ப்பிணிகளுக்கு. காலியாக இருந்தாலும் உட்காராதீர்கள்.

சாப்பாட்டு விஷயம் உங்களுக்குச் சாதகம். சுன்ச்சோன் என்றாலே தக்கால்பி, அது கோழி. மேசை நடுவில் அகலமான இரும்புத் தட்டு பதித்திருக்கும். கோச்சுஜாங் மிளகாய் விழுது மசாலாவில் ஊறிய கோழித் துண்டுகள், முட்டைக்கோஸ், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, அரிசிக் கட்டி, கேன்னிப் என்கிற வாசனை இலை எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கடை அஜும்மா (பரிமாறுகிற அம்மா) போய்விடுவார். உடனே கரண்டியை எடுத்துக் கிளறத் தோன்றும், எடுக்காதீர்கள். அவரே திரும்பத் திரும்ப வந்து புரட்டுவார், எதை முதலில் எடுக்கலாம் என்றும் சொல்வார். முதலில் அரிசிக் கட்டி, அப்புறம் கிழங்கு, கடைசியில்தான் கோழி. கட்டிக்கொள்ள ஏப்ரன் தருவார்கள், வெட்கப்படாமல் கட்டிக்கொள்ளுங்கள், அந்தச் சிவப்புத் துவைத்தாலும் போகாது. முக்கால்வாசி சாப்பிட்டதும் "பொக்கும்பாப்", அதாவது வறுத்த சோறு, என்று கேட்க வேண்டும். மிச்ச மசாலாவோடு சோறும் பொடித்த கடற்பாசித் தாளும் போட்டுத் தட்டில் மெலிதாக அப்பி வைப்பார். இரண்டு நிமிடம் யாரும் தொடக் கூடாது. அடியில் முறுகியதும் சின்ன இரும்புச் சட்டுவத்தால் சுரண்டி எடுப்பார், வீட்டில் சட்டியின் அடியில் ஒட்டிய காந்தலுக்கு அடித்துக்கொள்வோமே, அதே சுவை. என்னைக் கேட்டால் அதற்காகத்தான் தக்கால்பியே.

வேறு எங்காவது கூட்டிப்போனால், கிளம்பும்போதே குழுவில் "நான் மாடும் பன்றியும் சாப்பிட மாட்டேன், கோழி, மீன் பரவாயில்லை" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். கடையில் உட்கார்ந்த பிறகு சொல்வதுதான் அவர்களுக்குச் சங்கடம். முன்பே சொன்னால் அவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள். முழுச் சைவம் என்றால் கொஞ்சம் கஷ்டம்தான். கிம்ச்சியில் பெரும்பாலும் இறால் அல்லது மீன் சாறு இருக்கும், குளிர்ந்த நூடுல்ஸில் இறைச்சித் தண்ணீர் இருக்கும். அந்தப் பக்கம் உருளைக்கிழங்குக்குப் பேர் போன கங்வொன் மாகாணம் என்பதால், துருவிய உருளைக்கிழங்கைத் தோசை மாதிரி ஊற்றித் தருகிற கம்ஜாஜோன் கிடைக்கும்.

குடிப்பதைப் பற்றி நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இப்போது இல்லை. "சைடர் ஒன்று" என்று கேளுங்கள். இங்கே அது எலுமிச்சை வாசனையுள்ள சோடா, மது கிடையாது. அதைச் சின்ன கிளாஸில் ஊற்றிக்கொண்டு எல்லோரும் தூக்கும்போது நீங்களும் தூக்குங்கள். பக்கத்தில் உள்ள பெரியவருடைய கிளாஸ் காலியானால் இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்து ஊற்றிவிடுங்கள். நீங்கள் என்ன குடிக்கிறீர்கள் என்பதை அதற்கு மேல் யாரும் பார்க்க மாட்டார்கள்.

சாப்பிட்டுவிட்டு நாமி தீவு போகலாமா என்று யாராவது கேட்டால், சனி ஞாயிறில் வேண்டாம் என்பது என் கட்சி. படகுக்கு வரிசை, படம் எடுக்க வரிசை, காபிக்கும் வரிசை. அது வழியில் கப்யோங் ஸ்டேஷனில் இறங்க வேண்டிய இடம், ஒரு வார நாளில் தனியாகப் போய்க்கொள்ளுங்கள். ரயில் பாதையில் பெடல் மிதித்துப் போகிற வண்டிகள் கிம்யுஜோங் ஸ்டேஷன் பக்கம் இருக்கின்றன, ஓடாத பழைய தண்டவாளத்தில்தான் விடுகிறார்கள். நன்றாக இருக்கும், ஆனால் வார இறுதியில் முன்பதிவு இல்லாமல் கிடைப்பது சிரமம். திடீர்ப் பயணத்துக்கு ஒத்துவராது.

நாங்கள் போனது கோங்ஜிச்சோன் ஓடை ஏரியில் கலக்கிற இடம். வாத்துப் படகு மிதித்தோம், உஸ்பெக் நண்பர் பாதி வழியில் முட்டி வலிக்கிறது என்று நிறுத்திவிட்டார். கரையில் எத்தியோப்பிய வீரர்களுக்கான நினைவுத் தூண் இருக்கிறது. கொரியப் போருக்கு எத்தியோப்பியா படை அனுப்பியது. அந்தத் தூணைத் திறக்க 1968இல் பேரரசர் ஹைலே செலாசியே நேரில் வந்தார். அதே ஆண்டு பக்கத்தில் எத்தியோப்பியக் காபிக் கடை ஒன்று தொடங்கியது, இன்னும் நடக்கிறது. மூலைக்கு மூலை காபிக் கடை உள்ள நாட்டில் ஏரியைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்காருவது தனி. நண்பரின் மனைவி "இந்தியா யாரை அனுப்பியது?" என்று கேட்டார். துப்பாக்கிப் படை அனுப்பவில்லை, 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை 1950இல் அனுப்பியது, அதற்குத் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் என்றேன். நண்பர் உடனே போனில் தேடி அவர் படத்தை எடுத்து மனைவியிடம் காட்டினார். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பேச்சு நண்பருடைய தாத்தாவின் போர்க்கால அகதி வாழ்க்கைக்குப் போனது. அவரோடு அத்தனை வருஷம் ஒரே தளத்தில் வேலை பார்த்திருக்கிறேன், அது வரை அந்தக் கதை எனக்குத் தெரியாது.

பணம். கடையில் ஒருவர் கவுண்டரில் கார்டைக் கொடுத்துவிடுவார். மாலையில் குழுவில் மொத்தத் தொகையும் ஆளுக்கு எவ்வளவு என்பதும் வரும். அன்றைக்கே அனுப்பிவிடுங்கள், அடுத்த நாளுக்கு வைக்காதீர்கள். உங்கள் பேரில் போனும் வங்கிக் கணக்கும் இருந்தால் காக்காவோ பே வேலை செய்யும், இல்லாவிட்டால் ரொக்கமாகக் கொடுங்கள். கூட்டத்தில் மூத்தவர் "இது என் கணக்கு" என்று சொன்னால் மல்லுக்கட்ட வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு, அடுத்துப் போகிற காபிக் கடையில் நீங்கள் முந்திக்கொண்டு கார்டை நீட்டுங்கள். டிப்ஸ் எங்கேயும் கிடையாது. ரயில், தக்கால்பி, காபி, படகு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 40,000 முதல் 50,000 வொன்னுக்குள் முடிக்கலாம். உதவித்தொகையில் இருக்கிறவர் மாதம் ஒரு தடவை தாங்கக்கூடியது. அதற்கு மேல் என்றால் ஹான் ஆற்றங்கரைப் பூங்காவுக்குக் கூப்பிடுங்கள். கன்வீனியன்ஸ் கடை மெஷினில் வேகவைத்த ராம்யோன் நூடுல்ஸும் உட்கார ஒரு பாயும் போதும்.

திரும்புவது: இரவு ஒன்பது மணிக்கு மேல் சுன்ச்சோனில் நிற்க வேண்டாம். சியோலுக்கு வந்ததும் அடுத்த கட்டம் என்று யாராவது நோரேபாங் என்கிற கரோக்கே பாட்டு அறை பக்கம் கையைக் காட்டுவார்கள். அதற்குப் போகாமல் விடைபெறுவது தப்பே இல்லை, சாப்பாட்டுக்கு இருந்தீர்கள் என்பதுதான் கணக்கு. போனால் உங்களிடம் தமிழ்ப் பாட்டு கேட்பார்கள். மெஷினில் இருக்காது, போனில் போட்டுக்கொண்டு பாடுங்கள். மெட்ரோ நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். அதன் பிறகு 'என்' எழுத்தில் தொடங்குகிற இரவு பஸ்கள் முக்கியச் சாலைகளில் ஓடும்.

போன வாரம் மறுத்ததற்கு நீளமாக மன்னிப்பு எழுதாதீர்கள், அவர்கள் அதை மறந்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை இரவு வானிலையைப் பாருங்கள். நன்றாக இருந்தால் நீங்களே குழுவில் "நாளைக்குத் தக்கால்பி, பதினோரு மணிக்கு சங்போங், யார் வர்றீங்க?" என்று போடுங்கள். ஒருவர் 'சரி' என்றாலும் கிளம்பலாம். தனியாக மட்டும் போகாதீர்கள், தக்கால்பிக் கடைகளில் ஒரு ஆளுக்கு மட்டும் பெரும்பாலும் போட்டுத்தர மாட்டார்கள்.